கடியவற்றுள் கடியது



சென்ற பருவத்தில் ஒருநாள் மாலை எங்கள் விடுதி அறையில் ஒரு சிறு வழக்கு எழுந்தது. வாதி என் அறைத் தோழர். பாலக்காட்டு எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறைக்காரர். பிரதிவாதி நான்; இடுக்கி மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். வழக்குக்குக் காரணம் ஓர் ஆங்கிலச் சொல்.

இயற்பியல் முதுகலைக்காக நான் எழுதிவந்த ஆய்வுரையில், எங்கள் மலையில் பெய்த மழையைக் குறிப்பிடும்போது 'சிவியரெஸ்ட்' என்று எழுதியிருந்தேன். திருத்திக் கொடுத்த பேராசிரியர் அச்சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டமிட்டு, 'எவற்றுள்?' என்று பொருள்படும் ஒரே ஒரு கேள்வியை ஓரத்தில் எழுதியிருந்தார். தோழர் அதைப் பார்த்துவிட்டு, "அப்படி ஒரு சொல்லே ஆங்கிலத்தில் இல்லை, 'மோஸ்ட் சிவியர்' என்றுதான் எழுதவேண்டும். அதனால்தான் வட்டம்" என்றார். "சொல் இருக்கிறது, அகராதியைப் பார்ப்போம்" என்றேன் நான்.

அகராதி என் பக்கம் தீர்ப்பளித்தது. ஆயினும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. சொல் சரிதான் என்றால், பேராசிரியர் கேட்டது வேறு ஒன்று. அதற்கு என்னிடம் விடை இல்லை. விடை தேடப் புகுந்தபோது அந்தக் கேள்வி ஆய்வுரையோடு நிற்காமல், எங்கள் ஊர் மக்களின் உயிரோடு தொடர்புடைய கேள்வியாக விரிந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

'சிவியர்' என்பது இலத்தீன் மொழியின் 'செவெருஸ்' என்னும் சொல்லிலிருந்து பிறந்து, பிரெஞ்சு மொழி வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது. கண்டிப்பு என்பதே அதன் முதற்பொருள். சிரிப்பில்லாத முகம், விட்டுக்கொடுக்காத நெஞ்சம் ஆகியவற்றை அது குறித்தது. அந்த ஒரு வேரிலிருந்து இன்று பல கிளைகள் விரிந்துள்ளன.

ஆளைக் குறித்து வந்தால், கண்டிப்பு மிக்கவர் என்று பொருள். தண்டனையைக் குறித்து வந்தால், கடுந்தண்டனை. நோய், வலி, வறட்சி, சேதம், குளிர், புயல் ஆகியவற்றோடு வந்தால், அளவில் மிக்கது. தேர்வு, சோதனை, போட்டி ஆகியவற்றோடு வந்தால், தாங்குவதற்கு அரியது. உடை, கட்டடம், எழுத்துநடை ஆகியவற்றைக் குறித்து வந்தாலோ, அணியோ அலங்காரமோ இல்லாத எளிமை. இந்தக் கடைசிப் பொருளை நம்மவர் பலர் அறியார். ஒரு கட்டடத்தின் தோற்றத்தை ஆங்கிலேயர் 'சிவியர்' என்று சொன்னால், அது திட்டு அன்று. பூவேலை இல்லாத கட்டடம் என்பதே கருத்து.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். 'வெட்டிப் பிரித்தல்' என்று பொருள்படும் 'செவர்' என்ற வினைக்கும் இச்சொல்லுக்கும் உறவு இல்லை. எழுத்தில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் குடும்பம் வேறு. அது 'பிரித்தல்' என்னும் இலத்தீன் வேரிலிருந்து வந்தது. 'பல' என்று பொருள்படும் 'செவரல்' என்பதற்கும் அதுவே தாய். மற்றொன்று, மருத்துவத்தில் 'அக்யூட்' என்பதும் 'சிவியர்' என்பதும் ஒன்றல்ல. திடீரெனத் தோன்றிக் குறுகிய காலம் நிற்பது 'அக்யூட்'. எவ்வளவு கடுமை என்ற அளவைச் சொல்வது 'சிவியர்'. திடீரென வந்த சளி அக்யூட்டாக இருந்தும் இலேசானதாக இருக்கலாம். 2003-இல் உலகை அச்சுறுத்திய சார்ஸ் நோயின் பெயரில் இவ்விரு சொற்களும் அடுத்தடுத்து நிற்பதே இவை வேறு வேறு என்பதற்குச் சான்று.

'எஸ்ட்' ஈறும் 'மோஸ்ட்' அடையும்

இனி, தோழரின் ஐயத்திற்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரே அசையுள்ள பெயரடைச் சொற்கள் 'எஸ்ட்' ஈறு பெற்று உச்சநிலை ஆகின்றன: டால், டாலெஸ்ட். மூன்றும் அதற்கு மேலும் அசையுள்ளவை 'மோஸ்ட்' என்ற அடையை முன்னே பெறுகின்றன. இடையிலே நிற்கும் ஈரசைச் சொற்களே நம்மைக் குழப்புவன. அவற்றுள் சில ஈறு பெறும். சில அடை பெறும். சில இரண்டும் பெறும். 'சிவியர்' இரண்டும் பெறும் வகை. ஆகவே 'சிவியரெஸ்ட்' பிழையன்று. ஆயினும் இன்றைய ஆங்கில எழுத்தில், சிறப்பாக அறிவியல் எழுத்தில், 'மோஸ்ட் சிவியர்' என்பதே பெருவழக்கு. 'சிவியரெஸ்ட்' சில தொடர்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. தன் குறையைத் தானே கண்டு கடிந்துகொள்பவரை, 'தனக்குத் தானே சிவியரெஸ்ட் கிரிட்டிக்' என்பார்கள். இரண்டையும் சேர்த்து 'மோஸ்ட் சிவியரெஸ்ட்' என்று எழுதுவது மட்டும் பிழை. குடையின்மேல் குடை பிடிப்பது போன்றது அது.

இதைவிட முக்கியமான நுட்பம் ஒன்று உண்டு. 'மோஸ்ட் சிவியர்' என்பதற்கு முன்னே 'தி' வந்தால், ஒரு கூட்டத்தில் எல்லாவற்றினும் கடியது என்று பொருள். 'எ' வந்தால், ஒப்பீடே இல்லை. 'மிகவும் கடியது' என்று மட்டுமே பொருள். ஒரே அடை, ஒரே பெயரடை. முன்னே நிற்கும் சிறு சொல் பொருளை மாற்றிவிடுகிறது. 'சிவியரெஸ்ட்' என்ற வடிவமோ பெரும்பாலும் ஒப்பீட்டுக்கே உரியது. அதைச் சொன்னவுடன் கேட்பவர் உள்ளத்தில் 'எவற்றுள்?' என்ற வினா எழுகிறது. எங்கள் பேராசிரியர் கேட்டது அதைத்தான். கூட்டத்தைக் காட்டாமல் தலைவனை மட்டும் காட்டியிருந்தேன் நான்!

தமிழ் என்ன செய்கிறது?

தமிழில் உச்சநிலைக்கென்று தனி ஈறு இல்லை. அதனால் நம் மொழி ஏழை என்று எண்ணிவிட வேண்டாம். ஆங்கிலம் ஒரே வடிவில் போட்டுக் குழப்பும் இரண்டு கருத்துகளையும் தமிழ் இரண்டு வழிகளில் தெளிவாகச் சொல்கிறது.

முதல் வழி ஒப்பீடு. 'இம்மழை அம்மழையினும் கடிது' என்கிறோம். இது ஐந்தாம் வேற்றுமையின் ஒப்புப் பொருள். 'எல்லாவற்றினும் கடிது', 'இவற்றுள் கடிது' என்று சொன்னால் உச்சநிலை கிடைத்துவிடுகிறது. இங்கே கூட்டத்தைச் சொல்லாமல் தப்பவே முடியாது. 'எவற்றுள்?' என்ற கேள்விக்கு விடை தொடருக்குள்ளேயே இருக்கிறது.

இரண்டாம் வழி மிகுதி. 'மிக' என்பது ஒன்று. 'சால', 'நனி', 'தவ' முதலிய உரிச்சொற்களை இலக்கண வகுப்பில் படித்திருக்கிறோம். கடு என்னும் வேரே போதும் என்ற நிலையும் உண்டு: கடுங்குளிர், கடுஞ்சொல், கடுங்காவல். எங்கள் லயத்தில் பால் விடாத தேநீரைக் 'கட்டஞ்சாயா' என்பார்கள். மலையாளத்திலிருந்து வந்த அந்தச் சொல்லிலும் கடு ஒளிந்திருப்பதுபோல் எனக்குத் தோன்றும். மழைக்கு எங்கள் அம்மா சொல்லும் சொல் 'பேய்மழை'. அதில் ஒப்பீடும் இல்லை, அளவும் இல்லை. சொல்பவரின் அச்சம் மட்டுமே இருக்கிறது.

அளவுகோல் ஏறிய சொற்கள்

அறிவியல் இவ்விரண்டோடும் நிறைவடையவில்லை. மூன்றாவது வழி ஒன்றை வகுத்தது. சொல்லை எடுத்து ஒரு ஏணியின் படியில் ஆணி அடித்து மாட்டிவிட்டது. அதன்பின் அச்சொல்லுக்கு ஒப்பீடும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. எண் மட்டுமே உண்டு.

இந்திய வானிலைத் துறை 24 மணி நேரத்தில் ஓரிடத்தில் பெய்த மழையை அளக்கிறது. 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை. புயலில் காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் 'புயல்' என்ற பெயரே கிடைக்கும்; 89-ஐத் தொட்டால் 'சிவியர்', அதாவது தீவிரப் புயல்.

வெயிலுக்கும் அப்படியே. சமவெளியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரி செல்சியசைத் தொடவேண்டும். அந்த நாளுக்குரிய வழக்கமான வெப்பத்தைவிட 4.5 முதல் 6.4 டிகிரி வரை கூடியிருந்தால் வெப்ப அலை. 6.4-ஐயும் கடந்தால் 'சிவியர்', கடும் வெப்ப அலை. மலைப்பகுதிக்கு 40 வேண்டாம், 30 போதும்.

இதைக் கேட்டதும் என் தோழருக்குச் சினம் வந்துவிட்டது. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. வானிலைத் துறை அங்கே வெப்ப அலை என்று அறிவித்தது. "எங்கள் ஊரில் மாடு கன்று நிழலை விட்டு நகரவில்லை. தார்ச்சாலையில் கால் வைக்க முடியவில்லை. அது 'சிவியர்' இல்லையா?" என்று கேட்டார். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றால் அங்கே அந்த மாதத்தின் வழக்கமான வெப்பமே அதிகம். வழக்கம் உயர்ந்திருப்பதால், அதற்கு மேல் ஏறவேண்டிய படியும் உயர்ந்துவிடுகிறது. "உங்கள் பேச்சில் அது சிவியர், ஏணியில் அன்று. இரண்டும் பொய்யல்ல" என்றேன். அவர் அரை மனத்தோடுதான் ஒப்புக்கொண்டார். வெயிலில் நின்றவர் அவர், நான் அல்லவே!

எல்லையில் இடறும் 'அதி'

இனிச் சொல்லப்போவதுதான் எங்களைப் போன்ற எல்லைத் தமிழருக்கு உரிய தனி இடர்.

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலைப் பகுதிகளில் இருக்கும் தமிழர் வீடுகளில் மலையாளச் செய்தியும் கேட்கும். சென்னைச் செய்தியும் கேட்கும். மேலே சொன்ன மழை ஏணியின் மூன்று படிகளுக்கும் மலையாளத்தில் வழங்கும் பெயர்கள் இவை: 'சக்தமாய மழை', 'அதிசக்தமாய மழை', 'அதிதீவ்ர மழை'. தமிழில் வழங்குபவை: கனமழை, மிக கனமழை, அதி கனமழை.

தோழர்களே, இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தமிழில் 'அதி' வருவது உச்சப் படியில் மட்டும். மலையாளத்திலோ நடுப்படியிலேயே 'அதி' வந்துவிடுகிறது. உச்சப் படியிலும் மீண்டும் வருகிறது. 'அதிசக்தம்' என்று கேட்கும் தமிழர், உச்சம் வந்துவிட்டது என்று அஞ்சுகிறார். அன்று பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மறுநாள் 'அதிதீவ்ரம்' என்று கேட்கும்போது, 'நேற்றும் இதைத்தானே சொன்னார்கள்' என்று எண்ணிவிடுகிறார். மழை ஒரு படி ஏறியது அவர் காதில் ஏறவில்லை. இரண்டு மொழியும் தெரிந்திருப்பதே இங்கே இடறலாகிறது.

நாங்கள் கண்ட ஆகஸ்ட்

2020 ஆகஸ்டில் எனக்குப் பதினெட்டு வயது. எங்கள் லயத்தில் மின்சாரம் இல்லை. கைப்பேசியிலும் தொடர்பு இல்லை. அதற்கு முன்பு கேட்ட செய்தியின் சொற்களை வைத்துக்கொண்டு, "அப்பா, அதிதீவ்ரம்னு சொன்னாங்களே, பள்ளிக்கூடத்துக்குப் போயிருவமா?" என்று கேட்டேன். அப்பா கட்டஞ்சாயாவை ஊதிக் குடித்தவாறே, "ஏலே, 2018-லயே தாங்குன வீடு இது. அதுக்கு மேலயா பேஞ்சிரும்?" என்றார்.

அப்பாவின் சொல்லில் நியாயம் இல்லாமல் இல்லை. 2018 ஆகஸ்டு கேரளமே மறவாத மாதம். 26 ஆண்டுகளுக்குப் பின் இடுக்கி அணைத்தேக்கத்தின் செறுதோணி மதகுகள் அந்த ஆகஸ்டு 9-ஆம் நாள் திறக்கப்பட்டன. அதற்கும் முன்னே 1924 வெள்ளம் உண்டு. கொல்லம் ஆண்டு 1099-இல் வந்ததால் அதைத் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். மூணாற்றில் அக்காலத்தில் ஓடிய சிறு ரயில்பாதையே அதில் அழிந்துபோயிற்று. அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டவர்கள் நாங்கள். ஆகவே அப்பாவிடம் ஓர் உச்சநிலை இருந்தது. அது 'நாங்கள் கண்டவற்றுள்' என்ற ஒப்பீட்டு உச்சநிலை.

2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. தோட்டத் தொழிலாளரின் நான்கு லயங்கள் மண்ணுக்குள் போயின. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர், தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்த தமிழர். தொடர்பு அற்றுக் கிடந்ததால், நடந்தது வெளியுலகுக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. என்னோடு படித்த ஒருவனின் சித்தி குடும்பம் அங்கே இருந்தது. எங்கள் லயத்துக்கு ஒன்றும் நேரவில்லை. அப்பா அன்று முழுவதும் பேசவில்லை.

பெட்டிமுடியில் நடந்ததற்கு ஒரு சொல்லே காரணம் என்று நான் கூறவில்லை. மலைச்சரிவு, மண், தொடர்மழை, லயங்கள் இருந்த இடம், அறுந்துபோன தொடர்பு என்று காரணங்கள் பல. நான் கூறுவது எங்கள் வீட்டைப் பற்றி. அப்பா கணக்கில் பிழை செய்யவில்லை. சொல்லின் வகையில் பிழை செய்தார். அறிவிப்பு பேசியது ஏணியின் எண்ணை. அப்பா அதை நினைவின் ஒப்பீடாக எடுத்துக்கொண்டார். இதுவரை கண்டவற்றுள் பெரியது, இனி வரக்கூடியவற்றுள் பெரியது ஆகாது. இயற்பியல் மாணவனாகிய எனக்கும் அன்று அதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை.

எண்ணைக் கண்முன் நிறுத்துவோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் நீர். அதி கனமழையின் தொடக்க எல்லையான 204.5 மில்லிமீட்டர், ஒரு ஏக்கர் தேயிலைச் சரிவில் ஏறத்தாழ 8 லட்சத்து 27 ஆயிரம் லிட்டர் நீரைக் கொட்டுகிறது. அதன் எடை 827 டன். உச்சப் படிக்கு மேலே எல்லை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 205-உம் அதி கனமழை; 600-உம் அதி கனமழை. ஒரே சொல், மூன்று மடங்கு நீர்.

நாம் செய்யக்கூடியது

'மிகக் கடியது' என்ற பொருளில் எந்த மொழியில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் மூன்று வினாக்களைக் கேட்போம். இது ஒப்பீடா? ஆம் எனில், எவற்றுள்? ஒப்பீடு இல்லையெனில் இது ஏணியா? ஆம் எனில், எத்தனையாவது படி, எவ்வளவு எண்? இரண்டும் இல்லையெனில், இது சொல்பவரின் உணர்ச்சி. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அதை அளவாகக் கொள்ளலாகாது.

நம் மன்றத்திற்கு ஒரு வேண்டுகோள். ஜூன் மாதம் பருவமழை தொடங்குமுன், ஒரே தாளில் ஒரு சிறு அறிவிப்பை அச்சிடுவோம். மலையாளத்தில் மூன்று சொற்கள், நேரே தமிழில் மூன்று சொற்கள், நேரே மூன்று எண்கள், நேரே மூன்று நிறங்கள்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சொல் மொழிக்கு மொழி மாறும், நிறம் மாறாது. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மலைத் தோழர்கள் அதை லயங்களுக்கு எடுத்துச் செல்லட்டும். பாலக்காட்டுத் தோழர்களுக்கு வெயிலுக்கென்று வேறொரு தாள் வேண்டும். அதை எழுதித் தருவதாக என் அறைத் தோழர் வாக்களித்திருக்கிறார்.

ஆய்வுரையைத் திருத்தி எழுதிவிட்டேன். 'சிவியரெஸ்ட்' என்ற சொல்லை நீக்கவில்லை. எந்த நிலையத்தில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அளந்த மழைகளுள் என்று அதன் பின்னே சேர்த்தேன். பேராசிரியர் இம்முறை வட்டமிடவில்லை.

முடிக்குமுன் ஒரு செய்தி. 'விடாது முயல்தல்' என்று பொருள்படும் 'பெர்சிவியர்' என்ற ஆங்கில வினைக்குள் நம் 'சிவியர்' குடியிருக்கிறது. 'பெர்' என்ற முன்னொட்டு இலத்தீனில் மிகுதியைக் குறிப்பது. ஆக, அதன் வேர்ப்பொருள் 'மிகக் கண்டிப்பாக நிற்றல்'. அந்த மிகுதியை மட்டும், எவற்றுள் என்று கேளாமலே, நாம் எடுத்துக்கொள்ளலாம்.